பூட்டுவது சரி, எப்போது திறக்கும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. எஞ்சின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பகிர்ந்து தரும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். கரடுமுரடான தடங்களில் ஓட்டும் வண்டிக்குப் பிடிமானம் கூட்டும் டிஃபரன்ஷியல்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? முப்பத்தோரு ஆண்டுகளாக ஆக்ஸில் பிரித்து மாட்டுவதே என் தொழில் என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதற்கே முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும் வண்டி. வாரநாட்களில் அலுவலகத்துக்கு ஓட்டுகிறேன். மாதம் இரண்டு முறை நண்பர்களோடு பாறைத் தடங்களுக்குப் போகிறேன். சென்ற முறை ஒரு பின்சக்கரமும் எதிர்மூலையில் இருந்த முன்சக்கரமும் தூக்கிக்கொண்டன. எல்லாச் சக்தியும் அந்த இரண்டு சக்கரங்களுக்கே போய்விட்டது, வண்டி அசையவில்லை. தானாகப் பூட்டும் லாக்கர் போடு என்கிறார் ஒரு நண்பர். லிமிடெட் ஸ்லிப் போதும் என்கிறார் இன்னொருவர். காற்றழுத்தத்தில் பூட்டுவதுதான் நல்லது என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில் வண்டி ஏன் நின்றது என்று பார்த்துவிடுவோம். எல்லாச் சக்தியும் தொங்கிய சக்கரங்களுக்குப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை வேறு. சாதாரண டிஃபரன்ஷியல் இடது, வலது சக்கரங்களுக்கு முறுக்குவிசையை எப்போதும் சமமாகவே கொடுக்கும். சுழலும் வேகத்தைத்தான் ஏற்றத்தாழ்வாக விடும். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற விசையே வேண்டியதில்லை. அதற்குக் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்றால், பாறையில் அழுந்தி நிற்கும் அதன் ஜோடிக்கும் அதே பூஜ்யம்தான். தொங்காமல் சேற்றில் வழுக்குகிற சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் தாங்குமானால், நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் 200 மட்டுமே கிடைக்கும். அது 1,500 தாங்கக்கூடியதாக இருந்தாலும் பயனில்லை. முன் ஆக்ஸிலிலும் பின் ஆக்ஸிலிலும் ஒரே நேரத்தில் இப்படி நடந்ததால்தான் நான்கு சக்கர இயக்கத்தில் இருந்தும் நின்றுபோனீர்கள்.

இதற்கு மருந்து இரண்டு வகை. வழுக்கும் சக்கரத்தைவிடப் பிடியுள்ள சக்கரத்துக்குச் சில மடங்கு அதிகமாகக் கொடுப்பது ஒன்று; அது லிமிடெட் ஸ்லிப். இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு போலச் சேர்த்துச் சுழற்றுவது இன்னொன்று, அது லாக்கர். எது நன்றாகப் பூட்டும் என்றுதான் உங்கள் நண்பர்கள் மூவரும் பேசுகிறார்கள். நான் என்னிடம் வருகிற எல்லாரிடமும் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: அது எப்போது திறக்கும்? திறப்பவர் யார்? உங்கள் வண்டி ஓடுகிற ஒவ்வொரு நூறு கிலோமீட்டரிலும் பூட்டு தேவைப்படுவது சில நூறு மீட்டர்தான். மிச்சத் தூரம் முழுக்க ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகம் ஓடியாக வேண்டும். அதற்கு இடம் கொடுக்காத கருவி டயரைத் தேய்க்கும், ஸ்டியரிங்கை இழுக்கும், ஈரச் சாலையில் வண்டியின் பின்பக்கத்தை வீசும்.

இந்தக் கேள்வியோடு பார்த்தால் தேர்வு தெளிவாகும். டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக இரண்டு சக்கரங்களையும் நிரந்தரமாக இணைத்துவிடும் ஸ்பூல் ஒருபோதும் திறக்காது. உள் பற்சக்கரங்களைப் பற்றவைத்து ஒன்றாக்கிவிடுவதும் அதே கதைதான். சாலையில் ஓடும் வண்டிக்கு இரண்டையுமே நான் செய்துகொடுப்பதில்லை. உராய்வுத் தட்டுகள் உள்ள லிமிடெட் ஸ்லிப், ஸ்பிரிங் அழுத்தத்தால் எப்போதும் சிறிது இறுகியே இருக்கும். முழுதாகத் திறப்பதும் இல்லை, முழுதாகப் பூட்டுவதும் இல்லை. பற்சக்கர லிமிடெட் ஸ்லிப் வளைவில் மிக நயமாகத் திறக்கும். ஆனால் சக்கரம் தொங்கும்போது கைவிட்டுவிடும். அதைப் பற்றி அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். தானாகப் பூட்டும் லாக்கரின் இயல்புநிலையே பூட்டு. வளைவில் வெளிச்சக்கரம் முந்தும்போது மட்டும் அது பல் கழன்று விடும். ஈட்டன் எம்லாக்கர் இதற்கு நேர் எதிர். அதன் இயல்புநிலை திறப்பு. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வேறுபாடு வந்தால்தான் பூட்டும், சுமார் 32 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டவே பூட்டாது. மகிந்திரா தாரின் சில வகைகளில் தொழிற்சாலையிலேயே பின் ஆக்ஸிலில் வருவது இந்த இனம்தான். கடைசியாக, ஓட்டுநர் விரும்பும்போது மட்டும் பூட்டுகிற லாக்கர். காற்றழுத்தம், மின்காந்தம், கேபிள் என எதனால் இயங்கினாலும், சுவிட்சை அணைத்தால் அது சாதாரண டிஃபரன்ஷியல்தான்.

உங்கள் தேவைக்கு என் பதில் தயக்கமில்லாதது. அலுவலகத்துக்கும் அதே வண்டி, பாறையில் சக்கரம் தூக்குகிற பழக்கம், இரண்டும் உண்டு. விரும்பும்போது பூட்டும் லாக்கரைப் பின் ஆக்ஸிலில் போடுங்கள். காற்றா மின்சாரமா என்பது இரண்டாம் பட்சம். டயரில் காற்று நிரப்பக் கம்பிரஸர் எப்படியும் வேண்டும் என்றால் காற்று லாக்கர் பொருத்தம். குழாய்களே வேண்டாம் என்றால் மின் லாக்கர். அதற்குக் கம்பி இணைப்பு நீர் புகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பற்சக்கர வகை லிமிடெட் ஸ்லிப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. சேற்றில் அருமையாக இழுக்கிறது. ஆனால் ஒரு சக்கரம் காற்றில் தூக்கினால் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே சும்மா சுழல்கிறது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை. உங்கள் டிஃபரன்ஷியல் தன் இயல்புப்படியே நடக்கிறது. வாங்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற உங்கள் வருத்தம் நியாயமானது.

இந்த இனத்தில் பெயர் பெற்றது டார்சென். அதற்கு அமெரிக்காவின் வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்றார். சாய்ந்த பற்களுள்ள சக்கரங்கள் சுமை ஏறும்போது ஒன்றையொன்று நெருக்கி உராய்ந்து, வேகமாக ஓட நினைக்கும் பக்கத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. இது ஒரு பெருக்கல் கணக்கு. உங்கள் கருவியின் விகிதம் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சேற்றுச் சக்கரம் 200 நியூட்டன் மீட்டர் தாங்கினால் நல்ல சக்கரத்துக்கு 600 வரை போகும், மொத்தம் 800. சாதாரண டிஃபரன்ஷியலில் மொத்தமே 400தான். சேற்றில் அது அருமையாக இழுக்கக் காரணம் இதுவே. ஆனால் தொங்கும் சக்கரம் தாங்குவது பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினால் என்ன வரும்?

வழி ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரைச் சீராக அழுத்திக்கொண்டே, இடதுகாலால் பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள். பிரேக் தொங்கும் சக்கரத்தில் 200 அளவுக்குப் பிடித்தால், தரையில் உள்ள சக்கரத்துக்கு 600 போகும். அங்கேயும் பிரேக் 200 தின்றுவிடும். மீதம் 400 உங்களைத் தள்ளும். கைப்பிரேக் பின்சக்கரங்களில் இயங்கும் வண்டியானால், பின் ஆக்ஸிலுக்கு அதைச் சில பற்கள் இழுத்தும் இதைச் செய்யலாம். இதற்குப் பழக்கம் வேண்டும். ஆபத்தில்லாத இடத்தில், நின்ற இடத்திலிருந்து நாலைந்து முறை செய்து பாருங்கள்.

உராய்வுத் தட்டு வகையைப் போல இதற்கு எண்ணெயில் உராய்வு குறைக்கும் சேர்மம் கலக்க வேண்டியதில்லை. தேயும் தட்டுகளும் இல்லை. பனியும் மழைச்சாலையும் மண்பாதையும்தான் உங்கள் பயணம் என்றால், இதைக் கழற்றச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: மணலில் அடிக்கடி புதைந்துவிடுகிறேன். எந்த லாக்கர் நல்லது?

பதில்: மணலில் நான்கு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பிடியிழக்கின்றன. ஒன்றுக்கு இருக்கும் பிடி மற்றதற்கு இல்லை என்ற நிலையில்தான் டிஃபரன்ஷியல் பூட்டு கைகொடுக்கும். டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்குங்கள். தரையில் படியும் பகுதி நீளும், வண்டி மிதக்கும். திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் மறக்காமல் நிரப்புங்கள். லாக்கருக்கான பணத்தை நல்ல கம்பிரஸரிலும் பிரஷர் கேஜிலும் போடுங்கள்.

கேள்வி: என் பழைய வண்டியின் டிஃபரன்ஷியல் கூட்டை மாற்றாமல், உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் தானியங்கி லாக்கர் கிடைக்கிறது. செலவும் குறைவு, வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் எதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று தெரிந்து போடுங்கள். என் சொந்த வண்டியில் ஏழு ஆண்டுகள் இது இருந்தது.

அது வேலை செய்யும் முறை எளிது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இருபக்கப் பற்களும் கவ்வி, இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஓடும். வளைவில் வெளிச்சக்கரம் முந்தினால் அந்தப் பக்கப் பற்கள் கழன்று, கட கடவென்று தாண்டிப் போகும். அதாவது அழுத்திக்கொண்டே திரும்பினால் வண்டியைத் தள்ளுவது உள்சக்கரம் மட்டும். பாதி வளைவில் காலை எடுத்தால் சுமை பக்கம் மாறும், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். சக்கர இடைவெளி குறைந்த வண்டியில் இது அதிகமாகத் தெரியும். ஒரு மாதத்தில் கால் பழகிவிடும். திருப்பத்துக்கு முன்பே காலை எடுத்து, சீராக உருண்டு, நேரான பின் அழுத்த வேண்டும். வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டுவார்கள் என்றால், அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் என்னை அதைக் கழற்ற வைத்தது அந்தக் குலுக்கல் அல்ல. மழைக்குப் பிந்தைய களிமண் பாதையில், மலைச்சரிவைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தேன். மனைவி பக்கத்து இருக்கையில் இருந்தாள். இலேசாகத்தான் அழுத்தினேன். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே நொடியில் வழுக்கின. வண்டியின் பின்பாகம் அப்படியே பள்ளத்தின் பக்கம் நழுவியது. ஒரு மரத்தின் அடிக்கட்டை தடுத்ததால் இரண்டு மீட்டரோடு நின்றோம். அன்றிரவு நெடுநேரம் யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலும்போது மற்றது சும்மா உருண்டபடியோ நின்றபடியோ இருக்கும். சுழலாத அந்தச் சக்கரம்தான் வண்டி பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்கிறது. பூட்டிய ஆக்ஸிலில் இரண்டும் சேர்ந்து சுழல்வதால் பக்கவாட்டுப் பிடி மொத்தமாகப் போய்விடுகிறது. முன்னே போக உதவுகிற அதே பூட்டு, குறுக்குச் சரிவிலும் பனிக்கட்டியிலும் எதிரியாகிறது. விரும்பும்போது பூட்டும் லாக்கராக இருந்திருந்தால், சரிவுக்கு முன் சுவிட்சை அணைத்திருப்பேன். இதில் அணைக்க எதுவும் இல்லை.

தட்டையான பாறைத் தளம், காய்ந்த ஓடைப்படுகை போன்ற இடங்களில் மட்டும் ஓட்டுபவருக்கு இது நல்ல பொருள்தான். களிமண்ணும் மலையும் உங்கள் வழியில் இருந்தால் இன்னும் கொஞ்சம் சேமித்து வேறு வாங்குங்கள்.

கேள்வி: முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது வசதி. எதற்கு முதலில்? இரண்டுக்கும் போட்டால் ஆக்ஸில் ஷாஃப்ட் உடையும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்னால்தான் முதலில். ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போகிறது. பூட்டினாலும் ஸ்டியரிங் கெடாது. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்ட வண்டிகளில் முன்சக்கரங்கள் சீக்கிரம் தூக்கும் என்பதால், பின்னால் ஏற்கெனவே நல்ல லிமிடெட் ஸ்லிப் இருந்தால் மட்டும் முன்னாலிருந்து தொடங்கலாம். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியின் முன் ஆக்ஸிலில் தானியங்கி லாக்கர் வேண்டவே வேண்டாம். சாலையில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்ட நேரும். அத்தகைய வண்டியில் முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பகிரும் நடு டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. மெர்சிடிஸ் ஜி-கிளாஸில் நடு, பின், முன் என மூன்று பூட்டுகளும் வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையிலேயே பூட்டவும் செய்கிறார்கள்.

ஷாஃப்ட் விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 4 மடங்கு, லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கூடுதல் கியர்) 2.5 மடங்கு, கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி) 4 மடங்கு என்றால் சக்கரங்களுக்கு வரும் மொத்தம் 12,000. கேட்கவே அச்சமாக இருக்கும். ஆனால் ஒரு சக்கரத்தின் மேல் 700 கிலோ எடையும், 0.38 மீட்டர் ஆரமும், நல்ல பாறையின் உராய்வெண் 0.8 என்றும் கொண்டால், ஏறத்தாழ 2,100 நியூட்டன் மீட்டருக்கு மேல் டயர் வழுக்கிவிடும். தொழிற்சாலை ஷாஃப்ட்கள் இந்த அளவைப் பொறுமையாகத் தாங்கும்.

அப்படியானால் உடைவது எப்போது? இரண்டு சந்தர்ப்பங்களில். சக்கரம் பாறை இடுக்கில் ஆப்பு வைத்தது போல் சிக்கிக்கொள்ளும்போது வழுக்கல் என்ற எல்லை இல்லாமல் போகிறது. சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் ஜோடிச் சக்கரம் சுழன்று சுமையைக் கரைத்திருக்கும், மின்சார ஃபியூஸ் போல. பூட்டினால் அந்த ஃபியூஸ் இல்லை. அடுத்தது, காற்றில் வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரென்று தரையைக் கவ்வும் நொடி. என் பட்டறைக்கு வந்த உடைந்த ஷாஃப்ட்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் இந்த இரண்டாவது கதைதான் இருந்தது. முன் ஆக்ஸிலில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்த நிலையில் இது நேர்ந்தால் மூட்டுதான் முதலில் போகும். ஆகவே முன் பூட்டைப் போட்டபின் ஸ்டியரிங்கை ஏறத்தாழ நேராக வைத்து, எஞ்சின் முனகும் வேகத்தில் ஊர்ந்து கடந்து, உடனே திறந்துவிடுங்கள். டயரைப் பெரிதாக மாற்றியிருந்தால் என் கணக்கில் அந்த 0.38 கூடும், பாதுகாப்பு இடைவெளி அந்த அளவு குறையும்.

கேள்வி: என் வண்டியில் வழுக்கும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கும் மின்னணு வசதி இருக்கிறது. லாக்கர் தேவையா?

பதில்: எப்போதாவது மண்பாதைக்குப் போகிறவருக்குத் தேவையில்லை. ஆனால் அது சக்கரம் சுழன்ற பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதுவரை வண்டி சற்று நிற்கும், பின்வாங்கவும் செய்யும். பலரும் அந்த இடத்தில் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள்; இரண்டு, மூன்று நொடி சீராக அழுத்தியே இருங்கள், அது பிடிக்கும். நீண்ட பாறை ஏற்றங்களில் பிரேக் சூடேறும், எஞ்சின் தருவதில் ஒரு பங்கு வெப்பமாகவே வீணாகும். மாதா மாதம் அத்தகைய ஏற்றம் ஏறுபவராக இருந்தால் பின் லாக்கர் நல்ல துணை. போடுமுன், பூட்டிய நிலையில் உங்கள் வண்டியின் ஏபிஎஸ் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: காற்று லாக்கரை நானே மாட்ட ஆசை. கருவிகள் உண்டு. எங்கே கவனம் வேண்டும்?

பதில்: ஆசையை மதிக்கிறேன். லாக்கர் வாங்குமுன்பே ஷாஃப்டின் பல் எண்ணிக்கையையும் கிரவுன் பினியன் விகிதத்தையும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சில ஆக்ஸில்களில் விகிதம் மாறினால் கூடும் மாறும். பேரிங் மூடிகளைக் கழற்றும்போது இடது, வலது, மேல், கீழ் என்று குறியிடுங்கள். அவை அந்தந்த இடத்துக்கென்றே கடையப்பட்டவை. மாறினால் பேரிங் கெடும்.

கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே விடும் இடைவெளி மிகச் சிறியது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். உங்கள் ஆக்ஸிலுக்கான அளவைக் கையேட்டில் பார்த்து, டயல் கேஜ் வைத்து, சுற்றிலும் நான்கு இடங்களில் அளக்க வேண்டும். பிறகு பற்களில் குறிச்சாயம் தடவிச் சுழற்றிப் பாருங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால், நள்ளிரவானாலும் கழற்றி, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மறுபடி மாற்றுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரப்பட்டவர்களின் வண்டிகள்தான் மூன்று மாதத்தில் ஊளையிட்டுக்கொண்டு என்னிடம் வருகின்றன.

காற்றுக் குழாய் சைலன்சரைத் தொடக்கூடாது. ஆக்ஸில் முழுதாகக் கீழே தொங்கும்போதும் இழுபடாத அளவு நீளம் விடுங்கள். ஆக்ஸிலின் மூச்சுக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டைத் திறக்கும்போது வால்விலிருந்து காற்றோடு எண்ணெயும் தெறித்தால், உள்ளே ஓ-ரிங் கசிகிறது அல்லது மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: பழைய வண்டி ஒன்று பார்த்திருக்கிறேன். பின்னால் லிமிடெட் ஸ்லிப் இருப்பதாக விற்பவர் சொல்கிறார். இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எஞ்சினை அணைத்துவிட்டு, முன்சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை வையுங்கள். பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். சுலபமாகச் சுழன்று மற்றது எதிர்த்திசையில் ஓடினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தட்டுகள் முழுதும் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். பற்சக்கர வகையில் ஸ்பிரிங் இறுக்கம் இல்லாதவையும் இப்படியே சுழலும் என்பதால், அந்த வகை என்று சொன்னால் மூடியைத் திறந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நன்றாக எதிர்த்தால் தட்டுகளுக்கு உயிர் இருக்கிறது. எவ்வளவு என்று அளக்க வேண்டுமானால், ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, டார்க் ரென்ச்சால் ஹப்பைத் திருப்பி, எந்த அளவில் அசைகிறது என்று பார்த்துக் கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள்.

இடது, வலது டயர்கள் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்றும் பாருங்கள். வேறுபட்டிருந்தால் நேர்சாலையிலேயே தட்டுகள் ஓயாமல் தேய்ந்துகொண்டிருந்திருக்கும். பழைய எண்ணெயை வடித்து, கையேடு சொல்லும் தரத்தில் புதிதும், உராய்வு குறைக்கும் சேர்மத்தைச் சொன்ன அளவிலும் ஊற்றி, காலி இடத்தில் எட்டுப் போட்டு ஓட்டினால் தட்டுகளுக்குள் எண்ணெய் பரவும். திருப்பத்தில் வரும் முனகல் பலமுறை அதிலேயே தீர்ந்துவிடும். சேர்மத்தைக் கூடுதலாக ஊற்றினால் தட்டுகள் வழுக்கத் தொடங்கும்.

இன்னொன்று. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிய நிலையில் எஞ்சினை ஓட்டிக் கியர் போடாதீர்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம் சும்மா சுழலும். லிமிடெட் ஸ்லிப்பிலும் லாக்கரிலும் தரையில் உள்ள சக்கரத்துக்கும் விசை போய், வண்டி ஜாக்கை விட்டுக் குதித்து ஓடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்தேன். என்னோடு வேலை செய்த பையன் அந்த நொடியில் பானாவை எடுக்க எழுந்து போயிருந்தான். வண்டி அவன் படுத்திருந்த பலகையின் மேல் ஏறி நின்றது.